கடிகாரம் சரியாக இருந்தும் நிகழ்வு வரிசை புரள்வது ஏன்: 2003 வடகிழக்கு மின்தடையிலிருந்து ரிலே கான்டாக்ட் வரை

அமெரிக்காவின் வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களின் பல பகுதிகளும் கனடாவின் ஒன்டாரியோவும் 2003 ஆகஸ்ட் 14 அன்று மின்சாரம் இழந்தன. சுமார் 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அறுந்துபோன சுமை 61,800 மெகாவாட். அந்த மின்தடை ஏன் வந்தது என்பது பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. விசாரணைக்குழு எதிர்கொண்ட வேறொரு சிக்கல்தான் இங்கே பொருள்: ஆயிரக்கணக்கான நிகழ்வுகளில் எது முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடிப்பது.

கடைசிக் கட்டம் ஏறத்தாழ ஏழு நிமிடம். அங்கத்திய நேரப்படி 16:05:57க்கு ஒஹாயோவில் சாமிஸ்–ஸ்டார் 345 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது. அது ஷார்ட் சர்க்யூட் அல்ல. மிகைச்சுமையில் குறைந்த மின்னழுத்தமும் கூடிய மின்னோட்டமும் சேர்ந்து, மூன்றாம் மண்டல தூர ரிலேக்கு (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்துப் பழுதின் தொலைவைக் கணித்து லைனைத் துண்டிக்கும் காவல் கருவி) தொலைவில் ஒரு ஃபால்ட், அதாவது மின்பழுது, இருப்பதுபோலத் தெரிந்தன. 16:08:59க்கு ஒரு லைன், 16:09:06க்கு இன்னொன்று. அதுவரை நிகழ்வுகளுக்கு நடுவே நொடிகள் கிடந்தன. சுவர்க்கடிகாரத்தை வைத்தேகூட வரிசைப்படுத்தலாம். பிறகு மிச்சிகனில் ஆர்ஜென்டா–பேட்டில் கிரீக் லைன் 16:10:36.2க்கும், ஆர்ஜென்டா–டாம்ப்கின்ஸ் லைன் 16:10:36.3க்கும் விழுந்தன. 16:10:38.6க்கு பெர்ரி–ஆஷ்டபுலா–ஈரி வெஸ்ட் லைனும் போனதும், மின்னோட்டம் ஈரி ஏரியைச் சுற்றிக்கொண்டு எதிர்த்திசையில் பாய்ந்தது. இரண்டரை நொடிக்குள் இத்தனை. 16:13 வாக்கில் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

2004 ஏப்ரலில் வந்த இறுதி அறிக்கை, நேர முத்திரைகள் பல தவறாக இருந்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறது. ஒன்று, பதிவு செய்த கருவிகளின் கடிகாரங்கள் தேசிய நேரத்தோடு ஒத்திசைக்கப்படாமல் இருந்தன. இரண்டு, நிகழ்வுகள் வெள்ளமாக வந்தபோது கணினிகளில் தேக்கம் ஏற்பட்டு, முத்திரை பின்தங்கியது. நேரம் ஒத்திசைந்த பதிவிகளை (நிகழ்வுகளைப் பதிவு செய்யும் கருவிகளை) கட்டாயமாக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் 28ஆவது பரிந்துரை. பிறகு வட அமெரிக்காவில் வந்த பிஆர்சி-018, பிஆர்சி-002 தரநிலைகள் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்திலிருந்து கூட்டியோ குறைத்தோ 2 மில்லிநொடிக்குள் பதிவியின் கடிகாரம் இருக்க வேண்டும் என்று வரையறுத்தன.

இந்த இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடிகாரம் பிசகியிருந்தால் பின்னாலும் திருத்தலாம், ஏனென்றால் பிசகு மெதுவாக, ஒரே சீராக நகரும். தேக்கத்தால் வந்த தாமதம் அப்படியல்ல. அது நிகழ்வுகளின் நெரிசலைப் பொறுத்து ஒவ்வொரு வரிக்கும் மாறும். திருத்துவதற்குப் பிடிமானமே கிடைக்காது. ஆகவே முத்திரை, நிகழ்வு நடக்கும் இடத்திலேயே, கருவியின் வன்பொருளில் விழ வேண்டும். கட்டுப்பாட்டு அறைக் கணினியில் விழும் நேரத்தைச் செய்தி வந்து சேர்ந்த நேரமாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

தரநிலை சொல்லும் 2 மில்லிநொடி கடிகாரத்துக்கு மட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜிபிஎஸ் கடிகாரம் தரும் நேரம் மைக்ரோநொடிக்கும் கீழே துல்லியமானது. பிரேக்கர் (லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) திறந்தது என்ற தகவல் அந்தக் கடிகாரத்தைத் தொடுவதற்குள் கடந்துவரும் பாதையோ மில்லிநொடிகளால் ஆனது. பிழையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பாதையில் சேரும் தாமதம்

பிரேக்கரின் முதன்மைக் கான்டாக்ட் பிரிகிறது. அதன் இயங்குதண்டோடு இணைந்து, பிரேக்கரின் நிலையைத் தெரிவிக்கும் துணைக் கான்டாக்ட், அமைப்பைப் பொறுத்துச் சில மில்லிநொடி முன்னாலோ பின்னாலோ மாறும். மின்னோட்டம் அப்போதும் நிற்பதில்லை. ஆர்க் (இடைவெளியில் எரியும் மின்பொறி) அடுத்த பூஜ்யக் கடப்பு வரை, அதாவது மாறுமின்னோட்டம் அடுத்து பூஜ்யத்தைத் தொடும் வரை, எரியும். 60 ஹெர்ட்ஸில் அரைச்சுற்று 8.33 மில்லிநொடி, 50 ஹெர்ட்ஸில் 10. எனவே "பிரேக்கர் திறந்தது" என்பதற்கே மூன்று நேரங்கள் உண்டு. எதைச் சொல்கிறோம் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் வாதம் ஓயாது.

துணைக் கான்டாக்ட் போதவில்லை என்று நடுவில் ஒரு இடை ரிலே (காயிலில் மின்சாரம் வந்ததும் வேறு கான்டாக்டுகளை இழுத்து மூடும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். சாதாரண இடை ரிலே பிக்கப் ஆக, அதாவது இழுத்து மூட, 8 முதல் 20 மில்லிநொடி எடுக்கும். அடுத்தது கான்டாக்ட் பவுன்ஸ்: மூடிய உலோகம் துள்ளித் துள்ளி ஒன்று முதல் சில மில்லிநொடி கழித்தே நிலைக்கும். இதைச் சமாளிக்கப் பதிவியின் உள்ளீட்டில் டிபவுன்ஸ் வடிகட்டி 5 அல்லது 10 மில்லிநொடிக்கு வைக்கப்பட்டிருக்கும். நல்ல கருவி முதல் விளிம்பின் (உள்ளீடு முதலில் மாறிய கணத்தின்) நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வடிகட்டிக் காலம் முடிந்ததும் அந்தப் பழைய நேரத்தையே எழுதும். சில கருவிகள் வடிகட்டி முடிந்த நேரத்தை எழுதும். இரண்டில் எது என்பது கையேட்டின் பின்பக்கத்தில் ஒரு வரியில் இருக்கும்; சோதித்துப் பார்ப்பது மேல். இதோடு பாதுகாப்பு ரிலே கால்சுற்றுக்கு ஒருமுறைதான் உள்ளீடுகளைப் பார்க்கிறது என்றால் 60 ஹெர்ட்ஸில் 4.2 மில்லிநொடி, 50 ஹெர்ட்ஸில் 5 மில்லிநொடி வரை இன்னொரு தாமதம். ஒவ்வொரு முறையும் இது வேறுபடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 'அ' பிரேக்கரின் துணைக் கான்டாக்ட் நேராகப் பதிவிக்குப் போகிறது, முதல் விளிம்பில் முத்திரை. 'ஆ' பிரேக்கருக்கு இடை ரிலே 12 மில்லிநொடி, கடைசியில் முத்திரையிடும் டிபவுன்ஸ் 10, உள்ளீட்டை இடைவெளி விட்டுப் பார்ப்பதால் சராசரியாக 2. மொத்தம் 24. உண்மையில் 'ஆ' 15 மில்லிநொடி முன்னால் திறந்தது என்று வையுங்கள். பதிவேட்டில் 'அ' 9 மில்லிநொடி முந்தி நிற்கும். இரண்டு கடிகாரங்களும் ஜிபிஎஸ்ஸில் பூட்டி, மைக்ரோநொடிச் சுத்தமாக இருக்கும்போதே காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் இடம் மாறிவிட்டன. கடிகாரத்தின் சான்றிதழைக் காட்டி "எங்கள் வரிசை சரி" என்று வாதிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட வேண்டும்.

ரிலேயின் தாமதம் நிலையான எண்ணும் அல்ல. காயில் செம்புக்கம்பி; வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மின்தடை சுமார் 0.39 சதவீதம் கூடும். 40 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 16 சதவீதம் கூடி, காயில் மின்னோட்டம் சுமார் 14 சதவீதம் குறைந்து, பிக்கப் மந்தமாகும். பெரிய இடரின்போது ஒரே நேரத்தில் பல டிரிப் காயில்கள் இழுப்பதால் பேட்டரி மின்னழுத்தம் இறங்கும். அதுவும் அதே திசையில் தள்ளும். சரியாக நமக்குத் துல்லியம் தேவைப்படும் வேளையில் ரிலே வழக்கத்தைவிடத் தாமதிக்கிறது.

விடுபடும் பக்கம் இன்னும் மோசம். காயிலின் எதிர்மின் உதையை அடக்க டையோடு போட்டால், காயில் மின்னோட்டம் அதன் வழியே சுழன்று மெதுவாகத் தேயும். ரிலே விடுபடும் நேரம் இரண்டு மூன்று மடங்கு நீளலாம். டையோடோடு ஒரு ஜீனர் டையோடைத் தொடரில் சேர்த்தால் மீண்டும் விரைவாகும். பராமரிப்பின்போது ஒருவர் நல்லெண்ணத்தில் டையோடு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனாலே, அந்தப் புள்ளியின் எல்லாத் திறப்பு நேரங்களும் அன்றிலிருந்து இடம்பெயர்ந்துவிடும். வயரிங் வரைபடத்தில் அந்த டையோடு இருக்காது.

கடிகாரத்தின் சொந்த ரிலே

துல்லியக் கடிகாரத்தின் பின்பலகையில் பொதுவாக ஒன்றிரண்டு ரிலே வெளியீடுகள் இருக்கும்: ஒரு பொதுமுனை, ஒரு நார்மலி ஓப்பன், ஒரு நார்மலி குளோஸ்டு. அவற்றைப் பூட்டிழப்பு எச்சரிக்கை (ஜிபிஎஸ்ஸோடு இருந்த ஒத்திசைவு போனது), கருவிப் பழுது, நிரல்படுத்திய துடிப்பு ஆகியவற்றில் ஒன்றுக்கு ஒதுக்கலாம். இவற்றில் ரிலே உண்மையிலேயே பொருந்துவது முதல் இரண்டுக்குத்தான்.

துடிப்புக்கு ஏன் கூடாது என்பதை எண்ணாகவே பாருங்கள். நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் நாளுக்கு 86,400 இயக்கம். சிறு ரிலேக்களுக்குச் சுமையோடு ஆயுள் ஒரு லட்சம் இயக்கம் என்பது சாதாரணம். அது 28 மணி நேரத்தில் தீரும். சுமையே இல்லாமல் இயந்திர ஆயுள் ஒரு கோடி என்றாலும் 116 நாள்தான். நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 5,25,600; பழைய துணைக்கடிகாரங்களை ஓட்ட அது சமாளிக்கும், ஆனால் மாற்று ரிலே கையிருப்பில் வேண்டும். நேரத்துக்கான துடிப்பு வேண்டுமானால் அதே பலகையில் இருக்கும் 5 வோல்ட் வெளியீட்டையோ, டிரான்சிஸ்டர் திறந்த-டிரெயின் வெளியீட்டையோ (கீழே மட்டும் இழுத்து, மேலே ஏற்றுவதை வெளி மின்தடைக்கு விடுவது) எடுங்கள். திறந்த-டிரெயினில் நேரம் சரியாக இருப்பது கீழே விழும் விளிம்பு. ஏறும் விளிம்பை, வெளியே போட்ட இழுப்பு மின்தடையும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து இழுத்துவிடும். பதிவியை ஏறும் விளிம்புக்கு அமைத்துவிட்டு, கடிகாரம் துடிப்பகல அளவுக்குத் தாமதிக்கிறது என்று குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

ரிலேயின் மேல் அச்சடித்த மதிப்பீடும் ஏமாற்றும். 250 வோல்ட் ஏசியில் 5 ஆம்பியர் என்று இருக்கும். அதே கான்டாக்ட் 125 வோல்ட் டிசியில், தூண்டல் இல்லாத சுமைக்கே, சில நூறு மில்லிஆம்பியரைத்தான் பிரிக்க முடியும். டிசியில் பூஜ்யக் கடப்பு இல்லை, ஆர்க் அணையாது. எச்சரிக்கைப் பலகையின் விளக்குக்குச் சரி, காயிலுக்கு நேராகக் கொடுக்காதீர்கள். எதிர்ப்பக்கமும் ஒரு கண்ணி உண்டு: சில வோல்ட், ஒரு மில்லிஆம்பியர் மட்டும் ஓடும் உள்ளீட்டில் வெள்ளிக் கான்டாக்டின் மேல் படியும் சல்பைடுப் படலம் உடையாது, கான்டாக்ட் மூடியும் உள்ளீடு மாறாமல் கிடக்கும்.

பூட்டிழப்பு ரிலேயை, எல்லாம் நலமாக இருக்கும்போது காயில் இழுத்திருக்கும்படி அமைக்க வேண்டும். மின்வழங்கல் போனாலும் கம்பி அறுந்தாலும் அது எச்சரிக்கையாகத் தெரியும். பல கடிகாரங்களில் பூட்டு போன பிறகு எத்தனை நிமிடம் கழித்து ரிலே மாற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அந்த எண் கடிகாரத்தின் உள்ளே இருந்து நேரத்தை எண்ணித் தரும் அலைவியைப் பொறுத்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகும் அலைவி 2,000 நொடியில், அதாவது 33 நிமிடத்தில், 2 மில்லிநொடியைத் தின்றுவிடும். அதற்கு 30 நிமிடத் தாமதம் வைப்பது பயனற்றது, 5 நிமிடம் போதும். பத்துக் கோடியில் ஒரு பங்கு மட்டும் பிசகும், அடுப்பில் வைத்த படிக அலைவி என்றால் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். அங்கே ஒரு மணி நேரத் தாமதத்தால் தீங்கில்லை, வானிலையால் வரும் பொய் எச்சரிக்கையும் குறையும். இந்த ரிலேயின் கான்டாக்டை எச்சரிக்கைப் பலகைக்கு மட்டும் அனுப்பாமல் நிகழ்வுப் பதிவியின் ஒரு உள்ளீட்டுக்கும் கொடுங்கள். நிகழ்வுப் பட்டியலிலேயே கடிகாரத்தின் நலமும் ஒரு வரியாக வந்துவிடும்.

ரிலேயைக் கடிகாரத்தாலேயே அளப்பது

நிகழ்வு உள்ளீடு உள்ள கடிகாரம் ஒன்று போதும், ஆஸிலாஸ்கோப் தேவையில்லை. நிகழ்வு உள்ளீடு என்பது வெளியிலிருந்து விளிம்பு வந்த கணத்தில் உள்ளே ஓடும் எண்ணியை வன்பொருளாலேயே பூட்டி வைப்பது. 100 நானோநொடிப் பிரிதிறன் சாதாரணமாகக் கிடைக்கிறது.

முதலில் நிரல்படுத்திய துடிப்பை ஒவ்வொரு பத்தாவது நொடியின் தொடக்கத்துக்கும் அமைத்து, அந்த 5 வோல்ட் வெளியீட்டை நேராக நிகழ்வு உள்ளீட்டுக்குக் கொடுங்கள். பதிவாகும் நேரத்தின் பின்ன நொடி பூஜ்யத்துக்கு ஒரு மைக்ரோநொடி அருகில் நிற்க வேண்டும். கேபிள் மீட்டருக்கு 5 நானோநொடிதான் சேர்க்கும். இந்த வேலைக்கு அதை மறந்துவிடலாம். அடுத்து, அதே வெளியீட்டால் ஒரு டிரான்சிஸ்டர் வழியாகச் சோதிக்க வேண்டிய இடை ரிலேயின் காயிலை இயக்கி, அதன் கான்டாக்டை நிகழ்வு உள்ளீட்டில் இணையுங்கள். நிலையத்தில் உள்ள அதே டிசி மின்னழுத்தம், அதே டையோடு, அதே வயர் நீளம் இருக்க வேண்டும். கான்டாக்டுக்கு ஓடவிடும் மின்னோட்டம் 10 மில்லிஆம்பியராவது இருக்கட்டும்.

இங்கே பவுன்ஸ் ஒரு தொல்லை தரும். கடிகாரத்தின் நிகழ்வு நினைவகம் சிறியது. ஐம்பது இடங்கள் என்பது போன்ற அளவு. ஒருமுறை மூடும்போது ரிலே ஆறேழு தடவை துள்ளினால் எட்டுத் துடிப்பிலேயே நினைவகம் நிரம்பிவிடும். அதன்பின் சில கடிகாரங்கள் பழையதை அழிக்கும், சில புதியதை ஏற்க மறுக்கும். ஆகவே பதிவான நேரங்களை ஒவ்வொன்றாக சீரியல் வழியே வெளியே எடுத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு கொத்திலும் முதல் விளிம்பு மட்டும் பிக்கப் நேரம், கடைசி விளிம்பு வரை உள்ள இடைவெளி பவுன்ஸ் காலம்.

ஐம்பது நூறு இயக்கம் பதிவானதும் சராசரியையும் பரவலையும் எடுங்கள். முதல் விளிம்புகள் 6.4 முதல் 7.3 மில்லிநொடிக்குள் விழுந்து சராசரி 6.8 என்றால், 6.8 திருத்தம், ஏறத்தாழ அரை மில்லிநொடி உறுதியின்மை. திருத்தத்தைக் கழிக்கலாம், உறுதியின்மையைக் கழிக்க முடியாது. பிறகு மின்னழுத்தத்தை 15 சதவீதம் இறக்கி மறுபடி அளந்து பாருங்கள். அந்த வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக வருவதுண்டு. விடுபடும் நேரத்தையும் இதே முறையில் தனியாக அளக்க வேண்டும்.

இதே துடிப்பைப் பதிவியின் உள்ளீட்டில் கொடுத்தால், பதிவி என்ன நேரம் எழுதுகிறது என்று தெரிந்துவிடும். டிபவுன்ஸை 5, 10, 20 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எழுதும் நேரமும் கூடவே நகர்ந்தால் அந்தக் கருவி கடைசியில் முத்திரையிடுகிறது.

முழு எண் பிழைகள்

மில்லிநொடிகளைத் துரத்தும்போது மணிகளும் நொடிகளும் நழுவிவிடுகின்றன. கடிகாரத்திலிருந்து பதிவிகளுக்கு நேரம் பெரும்பாலும் ஐரிக்-பி குறியீட்டில் போகிறது: நொடிக்கு 100 பிட், துடிப்பின் அகலம் 2 மில்லிநொடி என்றால் 0, 5 என்றால் 1, 8 என்றால் இடக்குறி. இரண்டு இடக்குறிகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதன் முன்விளிம்பே நொடியின் தொடக்கம். 1 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஏற்றி அனுப்பும் வடிவத்தைவிட நேரடி டிசி வடிவம் பல மடங்கு துல்லியம். கேபிள் ஓட்டம் அனுமதித்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அந்தக் குறியீட்டின் பழைய வடிவில் ஆண்டே கிடையாது. ஆண்டு, உள்ளூர் நேர வித்தியாசம், நேரத்தரம் ஆகியவற்றை ஐஇஇஇ 1344 தரநிலை 1995இல் சேர்த்தது. பின்னால் வந்த சி37.118 அதே பிட்களை எடுத்துக்கொண்டாலும், நேர வித்தியாசத்தின் கூட்டல் கழித்தல் குறியைத் தலைகீழாக்கியது. கடிகாரம் ஒரு முறையிலும் பதிவி மறு முறையிலும் இருந்தால் பிழை வித்தியாசத்தைப்போல் இரட்டிப்பாகும்: இந்தியாவிலும் இலங்கையிலும் 5 மணி 30 நிமிடம் பிசகாமல் 11 மணி நேரம் பிசகும். முழுமணி வித்தியாசத்தை மட்டும் அறிந்த பழைய கருவியில் அரைமணி நின்றுபோகும். யூடிசியிலேயே பதிந்துவிட்டு, திரையில் மட்டும் உள்ளூர் நேரம் காட்டுவது இந்தத் தொல்லைகள் அத்தனைக்கும் மருந்து.

நேரத்தரக் குறியீடு நான்கு பிட். 0 என்றால் பூட்டியிருக்கிறது, 7 என்றால் 1 மில்லிநொடிக்குள், 8 என்றால் 10 மில்லிநொடிக்குள். 8ஐப் பார்த்ததும் 2 மில்லிநொடி வரம்புக்கு உத்தரவாதம் போய்விட்டது என்று பொருள். பதிவி இந்தக் குறியீட்டைப் படித்து ஒவ்வொரு வரியிலும் எழுதுகிறதா என்று பாருங்கள்; ஆன்டெனா கம்பியைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் ஒரு மணி நேரத்தில் விடை தெரியும்.

ஜிபிஎஸ் நேரம் 2017 ஜனவரி 1 முதல் யூடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. இந்த எண்ணைச் செயற்கைக்கோள் செய்தியிலிருந்து கடிகாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுச் செய்தி ஒருமுறை வர 12.5 நிமிடம். நெடுநாள் அணைத்துவைத்த கடிகாரத்தைப் போட்டதும், உள்ளே எழுதியிருக்கும் பழைய எண்ணை வைத்து அது சில நொடி பிசகிக் காட்டலாம், துடிப்போ மைக்ரோநொடிச் சரியாக இருக்கும். அதனால்தான் மின்வழங்கல் திரும்பிய முதல் கால்மணி நேரப் பதிவுகளை முழு நொடியளவில் தனியே சரிபார்க்க வேண்டும்.

ஒத்திசையாத பதிவை மீட்பது

கடிகாரம் மட்டும் பிசகிய பதிவுகளை மின்வலையமைப்பே திருத்தித் தரும். ஒரு ஃபால்ட் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிவதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எல்லாப் பதிவிகளும் பார்க்கின்றன. அந்த அலை மேல்நிலை லைனில் ஒரு மில்லிநொடிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் போகும். 60 கிலோமீட்டருக்கு 0.2 மில்லிநொடி. ஒத்திசைந்த ஒரு பதிவியின் அலைவடிவத்தில் சரிவு தொடங்கிய நேரத்தையும், ஒத்திசையாததில் அதே சரிவின் நேரத்தையும் கழித்தால் பிசகு கிடைக்கும். இரண்டு வெவ்வேறு நேரங்களில் இப்படிக் கழித்தால் நகரும் வேகமும் கிடைக்கும்: 10:00 மணிக்கு 4.312 நொடி, 16:00 மணிக்கு 4.355 நொடி என்றால் ஆறு மணி நேரத்தில் 43 மில்லிநொடி, பத்து லட்சத்தில் 2 பங்கு. இடையில் உள்ளவற்றை நேர்கோட்டில் திருத்தலாம். கோட்டுக்கு வெளியே நீட்டாதீர்கள். அறை வெப்பம் மாறினால் வேகமும் மாறும்.

பிரேக்கர் உண்மையில் பிரித்த நேரத்துக்கும் அலைவடிவமே நல்ல சாட்சி, ஒரு எச்சரிக்கையோடு. மின்னோட்டம் நின்ற பிறகும் மின்னோட்ட மாற்றியின் (அளப்பதற்காக மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் கருவி) இரண்டாம் சுற்றில் தேய்ந்துபோகும் ஒரு டிசி வால் சிறிது நேரம் ஓடும். அதைப் பார்த்து பிரேக்கர் இன்னும் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அலை கடைசியாகப் பூஜ்யத்தைக் கடந்து அதன்பின் சைன் வடிவம் இழக்கும் இடமே மின்னோட்டம் அறுந்த இடம்.

பதிவுகளைப் பரிமாறும் காம்ட்ரேட் கோப்பின் 1999 வடிவத்தில் நேர மண்டலம் எழுத இடமில்லை; 2013 வடிவத்தில் யூடிசி வித்தியாசம், உள்ளூர் வித்தியாசம், நேரத்தரம், லீப் நொடி எல்லாவற்றுக்கும் இடம் வந்தது. பழைய வடிவில் கோப்பு வந்தால் அனுப்பியவரிடம் மண்டலத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்போடு வையுங்கள்.

நிகழ்வுப் பட்டியலைத் தயாரிக்கும்போது கருவி எழுதிய நேரத்துக்கு ஒரு பத்தி (நெடுவரிசை), கழித்த திருத்தத்துக்கு ஒரு பத்தி, திருத்திய நேரத்துக்கு ஒன்று, உறுதியின்மைக்கு ஒன்று. முதல் பத்தியை யாரும் தொடக் கூடாது. இரண்டு நிகழ்வுகளின் உறுதியின்மை எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அவற்றின் எதிரே "வரிசை தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதிவிட்டு, அந்த இரண்டு புள்ளிகளின் இடை ரிலேக்களை அளக்க ஆள் அனுப்புங்கள்.